சுபாஷிணியின் கவுனிலிருந்து இறங்கியவை

சுபாஷிணியின் கவுனிலிருந்து முதல் வாத்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர் லாரி வந்து, வீதியே குடமும் கையுமாக வரிசையில் நின்றிருந்த நேரத்தில். வயிற்றுக்குள் குழந்தை ஓர் உதை விட்டது. அவள் "அம்மா" என்று இடுப்பில் கை வைத்தாள். கவுனில் அச்சடித்திருந்த மஞ்சள் வாத்துகளில் ஒன்று துணியை விட்டுக் கழன்று, தொப்பென்று ரோட்டில் விழுந்து, சிறகை உதறிக்கொண்டு, லாரிக்கு அடியில் ஒழுகிக் கிடந்த தண்ணீரை நோக்கி நடந்தது. அது இருந்த இடத்தில் துணி வெள்ளையாக, வாத்து வடிவத்திலேயே தெரிந்தது. எதிர்வீட்டு மயிலக்கா தன் குடத்தை அரை அடி முன்னால் நகர்த்தி வைத்து, "வாத்தா இருந்தாலும் வரிசையில வரட்டும், மொத வந்தது நாங்க" என்றாள்.

அது திருப்பூரின் ஓரத்தில் இருக்கிற வீதி. வீட்டுக்கு ஓர் ஓவர்லாக் தையல் மெஷினாவது ஓடாத நேரம் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ஊரிலோ, எந்தத் தாய் வயிற்றிலோ இன்னும் பெயர்கூட வைக்காமல் கிடக்கிற குழந்தைகளுக்கெல்லாம் இங்கேதான் சட்டையும் குல்லாவும் காலுறையும் தைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட வீதியில், தன் வீட்டில் பிறக்கப்போகிற குழந்தைக்கு மட்டும், அது பிறந்து அழுகிற சத்தம் காதில் விழும் வரைக்கும் ஒரு முழத் துணி எடுக்கக் கூடாது. பிறந்த பிறகும் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்ற வேண்டும். முன்கூட்டியே புதுத்துணி எடுத்து வைத்தால் குழந்தை தங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாசமாக இருப்பவளும் அதே மாதிரிதான். சாயம் போன நைட்டிக்குள் நுழைந்து, மேலே ஒரு துண்டைப் போட்டு வயிற்றை மூடிக்கொண்டு, ஏதோ களவாடிய பொருளைச் சுமப்பவளைப் போலச் சுவரோரமாக நடக்க வேண்டும். வளைகாப்பு அன்று ஒருநாள் பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து ஊரே பார்க்கும். மறுநாள் மறுபடியும் நைட்டி. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் யாருக்கும் தெரியாது. கேட்டவளுக்குத் திமிர் என்பது மட்டும் தெரியும்.

சுபாஷிணி குழந்தைகள் உடுப்புக் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். எந்த மாடல் வந்தாலும் முதல் சட்டையை அவள்தான் தைப்பாள், அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தைப்பார்கள். கல்யாணமான புதிதில் மாசமானபோது, வீதி சொன்னதையெல்லாம் அவள் கேட்டாள். மாமியார் ராமாத்தாளின் பழைய சாம்பல்நிற நைட்டியைப் போட்டுக்கொண்டாள், துண்டால் மூடிக்கொண்டாள், சுவரோரமாக நடந்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் ஒளித்துச் செய்தாள். கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்து, அதன் நெஞ்சில் நீல நூலால் ஒரு சிட்டுக்குருவியைக் கையாலேயே பின்னி, பீரோவின் அடித்தட்டில் மறைத்து வைத்தாள். ஏழாம் மாசம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று ராமாத்தாள் அந்தச் சட்டையைக் கண்டெடுத்தாள். "இதனாலதான்" என்று ஒற்றை வார்த்தை சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. சுபாஷிணி கட்டிலில் படுத்தபடி அந்தப் புகையை மூச்சாக இழுத்தாள். தன் குழந்தையில் மிச்சமிருந்ததையும் எரித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அந்தக் கோபம் அதற்குப் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

ஆகவே இரண்டாம் முறை மாசமானதும், கட்டிங் மாஸ்டரான தன் புருஷன் லோகநாதனைக் கூப்பிட்டு, மெஷின் முன்னால் உட்கார வைத்துச் சொன்னாள்.

"இந்தத் தடவ நான் ஒளியறதா இல்லீங் மாமா. என்ற புள்ள வர்றது ஒண்ணும் திருட்டு வேலை இல்ல. எனக்கும் தைப்பேன், அதுக்கும் தைப்பேன், வாசல்ல உக்காந்துதான் தைப்பேன்."

"அம்மா என்ன சொல்லுமோ" என்றான் லோகநாதன்.

"சொல்லட்டும். நீங்க கத்திரியப் புடிங்க."

அவன் பிடித்தான். கட்பீஸ் கடையில் கிலோக் கணக்கில் கிடக்கும் குழந்தைத் துணியைத்தான் அவள் வாங்கி வந்தாள். வாத்து போட்டது, ஸ்ட்ராபெர்ரி போட்டது, குடை போட்டது, வெளிநாட்டுக்காரன் ஏதோ குறை சொல்லி ஒதுக்கிய துணிகள். அவற்றில் நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்து, வயிறு வளர வளரத் தளர்த்திக்கொள்ள இரண்டு பக்கமும் நாடா வைத்து, கழுத்துக்கு லேஸும் கைக்குப் பஃபும் கொடுத்து, மறக்காமல் இரண்டு பாக்கெட்டும் வைத்து கவுன் தைத்தாள். பாக்கெட் புளிப்பு மிட்டாய்க்கு. கவுனின் நிறத்துக்கே கம்மல், அதே நிறத்தில் தட்டைச் செருப்பு, உதட்டில் கொஞ்சம் சாயம். அவள் வீதியின் நட்டநடுவில் நடந்து கம்பெனிக்குப் போனாள், வயிறு அவளுக்கு ஓரடி முன்னால் போயிற்று. சாயங்காலத்தில் வாசலில் உட்கார்ந்து தொட்டில் துணி, இடுப்புத் துணி, குல்லா என்று தைத்து அடுக்கினாள். லோகநாதன் கையில் ஒரு சுரைக்காயைக் கொடுத்து, தலையைத் தாங்கித் தூக்கவும், துணி கட்டவும், தோளில் போட்டுத் தட்டவும் பழக்கினாள். முதல் வாரம் இரண்டு சுரைக்காய் கீழே விழுந்து உடைந்தன. மூன்றாவதை அவன் அப்படியொரு கவனத்தோடு தூக்கினான், அதைக் குழம்பு வைக்க அவனுக்கே மனசு வரவில்லை.

ராமாத்தாள் இதையெல்லாம் கதவோரமாக நின்று பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

வாத்து இறங்கியது இந்தச் சமயத்தில்தான். குழந்தை உதைக்கிறபோதெல்லாம் ஒன்று இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள வீதிக்கு அதிக நேரமாகவில்லை. ஸ்ட்ராபெர்ரி கவுன் போட்ட நாளில் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். விழுந்த பழத்தில் ஊறுகாய் போட்டுப் பார்த்த மயிலக்கா, "புளிப்பு பத்தலீங், கொஞ்சம் கஞ்சி வாசம் அடிக்குது, மத்தபடி நல்லாருக்குது" என்று எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். குடைகள் விழுந்த அன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கிடைத்தது. அச்சு ஒரு பக்கம்தான் என்பதால் இறங்கியதெல்லாம் ஒரு பக்கம் நிறமாகவும் மறுபக்கம் வெறும் வெள்ளைத் துணியாகவும் இருந்தன. வாத்துகள் கிழக்கே போகும்போது மஞ்சளாகத் தெரியும், திரும்பி வரும்போது வெள்ளையாகத் தெரியும். மட்டமான சாயத்தில் அச்சடித்தவை சாக்கடைப் பக்கம் போய்வந்தால் வெளுத்தன. நல்ல சாயம் எது, கெட்ட சாயம் எது என்று பிரிண்டிங் பட்டறைக்காரர்கள் வாத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கம்பெனி மேனேஜர் ஒருநாள் அட்டைப்பெட்டியோடு வந்து, இந்த டிசைன் வெளிநாட்டுக்காரருடையது, வாத்தெல்லாம் அவருக்குத்தான் சேரும் என்றார். "அவர் வேண்டாமுன்னு ஒதுக்குன வாத்துங் சார் இது" என்றாள் சுபாஷிணி, பாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டபடி. மேனேஜர் வாத்துகளைத் துரத்திக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில் ஒரு வாத்து முட்டையிட்டது.

வீதி இப்படியே காலம் தள்ளியிருக்கும். யானைக்குட்டித் துணிதான் கெடுத்தது.

ஏழாம் மாசம் பிறந்த வாரத்தில் சுபாஷிணி யானைக்குட்டி போட்ட ஊதா கவுனை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். வீதி முக்கில் குழந்தை உதைத்தது. யானைக்குட்டி இறங்கி, நான்கு பக்கமும் பார்த்து, நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. ஏற்றுமதிச் சரக்கோடு வந்த பெரியசாமியின் வேன் அதற்கு முன்னால் நின்றது. பெரியசாமி அந்த வீதியில் இருபது மெஷின் போட்டுத் தொழில் நடத்துகிறவர், சத்தமாகப் பேசுவதுதான் நியாயம் என்று நம்புகிறவர். வாழைப்பழம் கொடுத்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள், வெள்ளைப் பக்கமாகப் போய் மிரட்டினார்கள், யானைக்குட்டி அசையவில்லை. சரக்கு கப்பலைத் தவறவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் வீதி கூடியது.

"இன்னிக்கு யானை, நாளைக்குப் புலித்துணி போட்டுட்டு வந்தா என்ன பண்றது?" என்றார் பெரியசாமி. "பெத்துப் பொழைக்கற வரைக்கும் வெறுந்துணி உடுத்தட்டும். கோடு, பூவு, புள்ளி ஒண்ணும் ஆகாது. மாசமா இருக்கற புள்ளைக்கு எதுக்குங் இத்தன சிங்காரம்?"

ஊறுகாய் தின்றவர்களும் குடை பிடித்தவர்களும் தலையை ஆட்டினார்கள். மயிலக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ராமாத்தாள் கவுன்களை எல்லாம் வாரி பீரோவில் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் சொருகினாள். சுபாஷிணி சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். ஆனால் ராமாத்தாள் சண்டை போடவில்லை. பீரோவில் சாய்ந்துகொண்டு, "போன தடவயும் இதே ஏழாம் மாசந்தான் கண்ணு. எனக்குப் பயமா இருக்குது" என்றாள். சுபாஷிணிக்கும் பயமாகத்தான் இருந்தது. திட்டியிருந்தால் எதிர்த்திருப்பாள், பயத்தை எப்படி எதிர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீட்டிய நைட்டியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். சாம்பல் நிறம், பூவும் இல்லை, கோடும் இல்லை.

வீதி நிம்மதியாக மூச்சு விட்டது. வேன்கள் போயின, வந்தன. ஆனால் குழந்தையின் உதை குறைந்தது. முதலில் கால் நீட்டுவது போல ஓர் அசைவு இருந்தது, பிறகு அதுவும் இல்லை. சுபாஷிணி இடப்பக்கம் படுத்துப் பார்த்தாள், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள், வயிற்றில் கை வைத்து, "சாமி, ஒரே ஒருக்கா" என்று கெஞ்சினாள். லோகநாதன் வண்டியை எடுத்தான். மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மெஷினை வைத்துக் கேட்டார்.

"இதயத் துடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா அசைவு குறையறத சும்மா விட்டுடக் கூடாது. சாப்பிட்டுட்டு, பையெல்லாம் எடுத்துக்கிட்டு மத்தியானமே வந்து சேர்ந்துடுங்க. பக்கத்துல வச்சுப் பார்த்துக்கலாம்."

வீட்டுக்கு வந்த சுபாஷிணி நேராக மாமியார் முன்னால் போய்க் கை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கத்தை."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எதுக்குச் சாவி?"

"போன தடவ இதே நைட்டிக்குள்ளதான் அது அடங்கிப் போச்சு. நீங்க சொன்னபடியெல்லாம் கேட்டேன், ஒளிஞ்சு ஒளிஞ்சு நடந்தேன், அப்பவும் போச்சு. சட்டையால போகலைங்கத்தை. எதனால போச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிப் பேசி என்னயக் கொன்னுட்டீங்க. வெளிய வரவே வேண்டாமுன்னு எல்லாருஞ் சொன்னா, உள்ள இருக்கறது எதுக்குங் காலை நீட்டோணும்?"

ராமாத்தாள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாவி வரவில்லை. சுபாஷிணி திரும்பி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். லோகநாதன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெட்டுத்துண்டுகள் நிறைந்த சாக்கை இழுத்து அவள் பக்கத்தில் கவிழ்த்தான். வாத்துத் துண்டு, குடைத் துண்டு, ஸ்ட்ராபெர்ரி, யானை, வாங்கி வைத்து இன்னும் தைக்காத ஒட்டகச்சிவிங்கி, மீன், பட்டம், ரயில் வண்டி. அவன் வெட்டிக் கொடுக்கக் கொடுக்க அவள் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். மெஷின் சத்தம் வாசல் வழியாக வீதிக்குப் போயிற்று. அந்த வீதியில் மெஷின் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை, அன்று கவனித்தார்கள். ராமாத்தாள் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்துக் கம்பெனி ஆட்கள் வெளியே வந்த நேரத்தில் சுபாஷிணி கிளம்பினாள். இருக்கிற எல்லா அச்சும் சேர்ந்த ஒரே கவுன், காதில் சிவப்புக் கம்மல், உதட்டில் சாயம், தலையில் ஒரு முழம் கனகாம்பரம். லோகநாதன் ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான், பையில் அவள் தைத்த குல்லாவும் இடுப்புத் துணிகளும் பிதுங்கித் தெரிந்தன. ஆட்டோக்காரர் நிறுத்திக் கேட்டார். மெயின் ரோடு கண்ணுக்கெட்டும் தூரம்தான், நடந்தே போகிறேன் என்றாள். நடந்தாள். எதுவும் இறங்கவில்லை. கவுனில் ஒரு வாத்துகூட அசையவில்லை. வீதியின் இரண்டு பக்கமும் ஆட்கள் மத்தியானச் சோற்றுத் தூக்குப் போசியோடு நின்று அந்த அசையாத கவுனைப் பார்த்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றவர்கள் எல்லோருக்கும் புரிந்தது.

பெரியசாமி மட்டும் புரியாமல் ரோட்டுக்கு நடுவே வந்து நின்றார்.

"அம்மிணி, கோயில்ல பேசுனது என்ன, நீ பண்றது என்ன? சரக்கு ஏத்தற நேரம்."

"ஊர் உலகத்துல பொறக்கற புள்ளைகளுக்கெல்லாம் துணி அனுப்பறீங்க, பெரியசாமியண்ணா. உங்க வீதியில வர்ற ஒத்தப் புள்ளைக்கு வழி விட மாட்டீங்களா? அக்கட்டால போங்க."

அவர் போகவில்லை. அப்போது பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. ராமாத்தாள் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் ஓடி அந்த வீதி பார்த்ததே இல்லை. தன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று நினைத்து சுபாஷிணி லோகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமாத்தாள் மூச்சு வாங்க முன்னால் வந்து நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை, நெஞ்சில் நீல நூல் சிட்டுக்குருவி.

சுபாஷிணி லோகநாதனின் கையை விட்டுவிட்டு அந்தக் குருவியைத் தொட்டுப் பார்த்தாள். "எரிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"குப்பையத்தான் கொளுத்துனேன். உன்ற கண்ணுல படக் கூடாதுன்னு சட்டைய எடுத்து வெச்சுக்கிட்டேன்." ராமாத்தாள் சட்டையின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள். "அது எனக்கும் பேரப்புள்ளதான சாமி. எங்கயாச்சும் அதுக்குன்னு ஒரு துணி இருக்கட்டுமுன்னு நெனச்சேன். ஆனா பழிய உன்ற மேல போட்டுட்டேன், எங்கயாச்சும் போட்டாத்தான் எனக்குத் தாங்குச்சு."

"அது தப்புங்கத்தை."

"தப்புத்தான்."

சுபாஷிணி அவளை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அப்போது நேரமும் இல்லை. சட்டையை வாங்கி, பட்டப்பகலில், நடுவீதியில், அத்தனை பேர் பார்க்க, பிறக்காத குழந்தையின் புதுச்சட்டையை விரித்து, தன் வயிற்றின் மேல் வைத்து, தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். "பாரு" என்றாள் குனிந்து, "உனக்குத் துணி இருக்குது. உனக்கு முன்னாடி வந்ததுக்கும் இருந்துச்சு. யாரும் உங்களை வேண்டாமுன்னு சொல்லலை. சொன்னா நான் பாத்துக்கறேன். ஒதை."

குழந்தை உதைத்தது.

முதலில் சிட்டுக்குருவி பறந்தது. கையால் பின்னிய நூல் இரண்டு பக்கமும் தெரியும் இல்லையா, அதனால் அது மட்டும் இரண்டு பக்கமும் நீலமாக இருந்தது. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் குழந்தை ஒரே மூச்சில் உதைத்தது. வாத்துகள் கொத்தாகக் கொட்டின, ஸ்ட்ராபெர்ரிகள் உருண்டன, பட்டங்கள் நேராக மின்கம்பிக்கு மேலே போயின, ஒரு சின்ன ரயில் பெரியசாமியின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது, ஒட்டகச்சிவிங்கி இறங்கி நிமிர்ந்து மாடிக்கொடியில் காய்ந்த பனியனை முகர்ந்து பார்த்தது. சுபாஷிணி வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், "ஒதை, இன்னும் ஒதை" என்று கத்தினாள். பெரியசாமி அக்கட்டால போனார். போனதோடு நிற்காமல், வேன் டிரைவரைப் பார்த்து, "வண்டியப் பின்னால எடுடா, புள்ள வருதில்ல" என்று தன் வழக்கமான குரலில் அதட்டினார். மயிலக்கா சோற்றுப் போசியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை விரித்தாள். ஊறுகாய் அவளுக்குத் தீர்ந்துபோயிருந்தது.

டாக்டரம்மா மெஷின் வைத்துப் பார்த்து, பயமில்லை என்றார். ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனித்து அனுப்பினார்கள். மிச்ச மாசமெல்லாம் சுபாஷிணி தினமும் உடுத்திக்கொண்டு நடுவீதியில் நடந்தாள். வளைகாப்புக்குப் பட்டுச்சேலை வேண்டாம், மீன் போட்ட கவுன்தான் என்றாள். அன்று வந்தவர்கள் குடத்தோடு வந்து ஆளுக்கு இரண்டு மீன் கொண்டுபோனார்கள். ராமாத்தாள் எடுத்துக் கொடுத்த பீரோச் சாவி அவள் கம்மல் டப்பாவிலேயே கிடந்தது. வீதியில் இன்னும் இரண்டு பெண்கள் மாசமாக இருந்தார்கள், அவர்கள் வீட்டுக் கொடிகளில் சின்னச் சின்னச் சட்டைகள் ஒளிவுமறைவில்லாமல் காய ஆரம்பித்தன.

பிறந்தது பெண் குழந்தை. குளிப்பாட்டித் துடைத்த நர்ஸ் கதவைத் திறந்து, "பழைய துணி கொண்டுவந்திருப்பீங்களே, குடுங்க" என்று கேட்டாள். ராமாத்தாள் பழக்கதோஷத்தில் பையில் ஒரு கிழிந்த வேட்டியை வைத்துத்தான் இருந்தாள். அதை எடுத்து, ஒருமுறை பார்த்து, நான்காக மடித்துக் கட்டிலுக்குக் கீழே கால்மிதியாகப் போட்டாள். பிறகு வெள்ளைச் சட்டையை மருமகள் கையில் கொடுத்தாள்.

"புதுசா இருக்கே?" என்றாள் நர்ஸ்.

"ஆமாங். நானே தெச்சது. இது ரெண்டு புள்ளைகளோட சட்டை" என்றாள் சுபாஷிணி.

லோகநாதன் தலையைத் தாங்கி, சுரைக்காயைவிட லேசாக இருந்த மகளைத் தூக்கினான். அவள் சின்னக் கைகளைச் சட்டைக்குள் விட்டு முடிச்சுப் போட்டார்கள். நெஞ்சில் குருவி இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. குழந்தை வீரிட்டு அழுதது. திறந்திருந்த ஜன்னலில் வந்து உட்கார்ந்திருந்த நீலச் சிட்டுக்குருவி, அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தது. அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. குருவி உள்ளே பறந்து வந்து, சட்டையின் மேல் இறங்கி, தன் பழைய துளைகளில் ஒவ்வொரு நூலாகப் போய் உட்கார்ந்துகொண்டது.